தொடாமல் நகரும் முள்: ஸ்பீடாமீட்டர் பிறந்த கதை

பழைய மோட்டார் சைக்கிளின் ஸ்பீடாமீட்டரைப் பிரித்து மேசைமேல் பரப்பினால், பார்க்கிறவர் கண் ஓர் இடத்தில் நின்றுவிடும். முன் சக்கரத்திலிருந்து வரும் கேபிள் ஒரு சின்னக் காந்தத்தைச் சுற்றுகிறது. காந்தத்தின்மேல் மெல்லிய அலுமினியக் கிண்ணம் ஒன்று கவிழ்ந்திருக்கிறது. முள் அந்தக் கிண்ணத்தின் தண்டில் குத்தியிருக்கிறது. காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் பல்சக்கரம் இல்லை, பெல்ட் இல்லை, காற்று மட்டும்தான். காந்தம் அலுமினியத்தை இழுக்காது என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். ஆனாலும் காந்தம் சுற்றியதும் கிண்ணம் திரும்புகிறது. முள் இருபது, நாற்பது, அறுபது என்று ஏறுகிறது.

இந்தச் சங்கதி புரிந்தவர் கையில் பழைய மீட்டர் அவ்வளவு எளிதில் குப்பைக்குப் போகாது. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே சுமார் 12 கிலோமீட்டர். காலை ஷிப்டுக்கு மில்லுக்குப் போகிறவர்கள், பால் கேனைப் பின்னால் கட்டிக்கொண்டு வருகிறவர்கள், தோப்புக்குப் போகிறவர்கள் என்று அந்தச் சாலையில் இன்னும் எத்தனையோ பழைய வண்டிகள் ஓடுகின்றன. சிக்னலில் பக்கத்தில் நிற்கும்போது பாருங்கள். பாதி வண்டிகளில் முள் சுழியத்தில் படுத்துக் கிடக்கும். கேட்டால், “அது ஓடாம ரொம்ப நாளாச்சு அண்ணாச்சி, மீட்டரே போயிருச்சு” என்பார்கள். பெரும்பாலும் மீட்டர் போயிருக்காது. அது எப்படிப் பிறந்தது என்று தெரிந்துகொண்டால், எங்கே நின்றுபோகும் என்பதும் தெரிந்துவிடும். அதற்காகத்தான் இந்தக் கதை.

கதை மோட்டார் வண்டியில் தொடங்கவில்லை. 1824-இல் பாரிஸில் பிரான்சுவா அரகோ என்ற இயற்பியலாளர் ஒரு விந்தையைக் கண்டார். திசைகாட்டி ஊசிக்குக் கீழே ஒரு செம்புத் தட்டைச் சுழற்றினால், ஊசி தட்டின் பின்னாலேயே திரும்பியது. செம்பையும் காந்தம் இழுக்காது. பிறகு ஏன் ஊசி பின்தொடர்கிறது? அரகோவுக்கு விடை தெரியவில்லை. அடுத்த ஆண்டே லண்டனில் சார்லஸ் பாபேஜும் ஜான் ஹெர்ஷலும் அதே சோதனையைத் தலைகீழாகச் செய்தார்கள். காந்தத்தைக் கீழே வைத்துச் சுழற்றினார்கள். மேலே தொங்கிய செம்புத் தட்டு அதன் பின்னால் சுற்ற ஆரம்பித்தது. தட்டில் அங்கங்கே வெட்டுப் போட்டதும் வேகம் குறைந்தது. கீழே காந்தம், மேலே உலோகம், நடுவில் காற்று: நம் வண்டி மீட்டரின் அமைப்பு அப்படியே 1825-இல் மேசைமேல் இருந்தது.

இதே பாபேஜ்தான் பிற்பாடு கணினியின் முன்னோடியாகக் கொண்டாடப்பட்டவர். அவர் 1838–39-இல் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் பெட்டி ஒன்றில் நீளமான காகிதச் சுருளை ஓடவிட்டு, ரயில் இழுபடும் விசையையும் ஆட்டத்தையும் நேரத்தையும் பேனாக்களால் பதியவைத்தார். ஓடும் வண்டியின் வேகத்தைக் கருவியால் பதிவுசெய்ய வேண்டும் என்ற எண்ணத்தை அவ்வளவு தெளிவாகக் கொண்டிருந்தவர் அந்தக் காலத்தில் அரிது. காந்தமும் உலோகத் தட்டும் அவர் கையில் இருந்தன. வண்டியின் வேகம் என்ற கேள்வியும் இருந்தது. இரண்டையும் சேர்க்க வேண்டிய தேவை அப்போது வரவில்லை. அதற்கு இன்னும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. எந்தக் கருவியின் வரலாற்றைப் படித்தாலும் இந்தத் தாமதம் என்னை வியக்கவைக்கும். அறிவு முன்பே வந்து உட்கார்ந்திருக்கிறது, தேவை சாவகாசமாக நடந்து வருகிறது.

அரகோவின் புதிரை அவிழ்த்தவர் மைக்கேல் ஃபாரடே. 1831-இல் அவர் கண்ட மின்காந்தத் தூண்டல்தான் விடை. உலோகத்தின் அருகே காந்தம் நகர்ந்தால் உலோகத்துக்குள் மின்னோட்டம் எழுகிறது. அந்த மின்னோட்டம் தனக்கென ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கி, நகர்ச்சியை எதிர்க்கிறது. காந்தம் ஓட, உலோகம் நிற்க, இருவருக்கும் நடுவே உள்ள வேக வித்தியாசத்தைக் குறைக்க ஒரே வழி உலோகமும் கூடவே ஓடுவது. அதனால் கிண்ணம் காந்தத்தின் பின்னால் போகப் பார்க்கிறது. 1855-இல் பிரான்சின் லியோன் ஃபூக்கோ இந்த மின்னோட்டத்தால் உலோகம் சூடாவதையும் காட்டினார். நம் பாடப்புத்தகங்களில் இதற்குச் சுழல் மின்னோட்டம் என்று பெயர். பழைய பிளஸ் டூ இயற்பியல் புத்தகம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும், சுழல் மின்னோட்டத்தின் பயன்களை எழுதச் சொன்னால் ஸ்பீடாமீட்டரும் அதில் ஒன்று. வீட்டுத் திண்ணையில் இருந்த பழைய ஈ.பி. மீட்டரில் சிவப்புக் கோடு போட்ட அலுமினியத் தட்டு சுற்றுமே, அதைத் தறிகெட்டு ஓடாமல் பிடித்து நிறுத்திய காந்தத்தின் வேலையும் இதுதான்.

தேவையைக் கொண்டுவந்தது மோட்டார் கார். இங்கிலாந்தில் 1865-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தானாக ஓடும் வண்டி ஊருக்குள் மணிக்கு 2 மைல், வெளியே 4 மைல் வேகத்தைத் தாண்டக் கூடாது. அவ்வளவு மெதுவாகப் போகிற வண்டிக்கு மீட்டர் எதற்கு? 1903-இல் வரம்பு 20 மைல் ஆயிற்று. அதற்குள் கார்கள் அதைவிட வேகமாக ஓடக் கற்றுக்கொண்டிருந்தன. காவலர்கள் நிறுத்தக் கடிகாரத்தோடு சாலையோரம் நின்று அளந்தார்கள். தான் எவ்வளவு வேகத்தில் வந்தோம் என்று சொல்ல ஓட்டுநரிடம் எதுவும் இல்லை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலமும் 1901-இல் மோட்டார் வண்டிகளுக்கு வேக வரம்பு போட்டது. சட்டம் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டால், அந்த எண்ணை ஓட்டுகிறவர் கண்முன் காட்ட ஒரு கருவி வேண்டும்.

1902 அக்டோபர் 7 அன்று ஓட்டோ ஷுல்ட்சே என்ற பொறியாளர் பெர்லினில் இருந்த பேடண்ட் அலுவலகத்தில் தன் கருவியைப் பதிந்தார். அவர் ஸ்ட்ராஸ்பர்க்காரர், அந்த ஊர் அப்போது ஜெர்மனியில் இருந்தது, இப்போது பிரான்சில். அவருக்கு முன்பே, 1888-இல், குரோவேசியாவின் யோசிப் பெலுஷிச் மின்சாரத்தால் இயங்கும் வேகமானிக்குப் பேடண்ட் வாங்கி, மறு ஆண்டு பாரிஸ் கண்காட்சியிலும் வைத்திருந்தார். ஆனால் நூறு ஆண்டு நிலைத்தது ஷுல்ட்சேயின் வழி. சக்கரத்தின் சுழற்சியை வளையக்கூடிய ஒரு கம்பித் தண்டு மேலே கொண்டுவரும். அது காந்தத்தைச் சுற்றும். காந்தம் தன்மேலுள்ள உலோகத்தைத் தொடாமல் இழுக்கும். அந்த உலோகம் முழுதாகச் சுற்றிவிடாமல் ஒரு மயிரிழை ஸ்பிரிங் பிடித்து நிறுத்தும்.

அந்த ஸ்பிரிங்தான் உண்மையான அளவுகோல். வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பும் இரண்டு மடங்கு. ஸ்பிரிங்கும் இரண்டு மடங்கு திரும்பினால்தான் ஈடுகொடுக்கும். ஆகவே முள் நகரும் தூரமும் இரண்டு மடங்கு. டயலில் இருபதுக்கும் நாற்பதுக்கும் உள்ள இடைவெளியும், அறுபதுக்கும் எண்பதுக்கும் உள்ள இடைவெளியும் சமமாக இருப்பதற்குக் காரணம் இதுவே. வெயிலில் அலுமினியம் சூடேறினால் மின்னோட்டம் குறைந்து முள் தாழும். அதற்கும் ஒரு வழி கண்டார்கள்: வெப்பம் ஏற ஏறக் காந்தத்தன்மை இழக்கும் நிக்கல்–இரும்புக் கலவைத் தகடு ஒன்றைக் காந்தத்தோடு வைத்தார்கள். குளிரில் அது காந்தப்புலத்தில் கொஞ்சத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளும், வெயிலில் விட்டுவிடும். சித்திரை மாத வெயிலில் ஓடும் வண்டியிலும் முள் ஏறக்குறைய நேர்மையாக நிற்பதற்கு அந்தச் சிறு தகடே காரணம்.

பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்கள் சில காலம் வேறு வழியில் போயின. லண்டனில் கடிகாரக் கடையாகத் தொடங்கிய ஸ்மித்ஸ் நிறுவனம் ‘குரோனோமெட்ரிக்’ மீட்டர்களைச் செய்தது. அதற்குள் உண்மையிலேயே ஒரு கடிகார இயந்திரம் இருக்கும். குறிப்பிட்ட நொடித்துளிக்குள் கேபிள் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணி, முள்ளைப் படிப்படியாக நகர்த்தும். முள் வழுக்கிச் செல்லாமல் டிக், டிக் என்று தாவும். மிகத் துல்லியமானது, ஆனால் செய்யவும் பழுதுபார்க்கவும் கடிகாரக்காரரின் கை வேண்டும். 1960-களின் நடுவில் ஸ்மித்ஸும் காந்த மீட்டருக்கு மாறிவிட்டது. அந்தக் கால ஆங்கில மீட்டர்களின் டயலில் 1600 என்று ஒரு எண் பொடியாக அச்சடித்திருக்கும். ஒரு மைலுக்குக் கேபிள் 1,600 சுற்று என்பது அதன் பொருள். கிலோமீட்டருக்கு மாற்றினால் ஏறத்தாழ 1,000. ஆக, மணிக்கு 60 கிலோமீட்டரில், அதாவது நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டரில் போகும்போது, அந்தக் கேபிள் நிமிடத்துக்கு ஆயிரம் தடவை சுற்றுகிறது. இந்தக் கணக்கில் 50,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியின் கேபிள் 5 கோடி சுற்று சுற்றியிருக்கும். அறுந்தால் கோபிக்க நியாயம் இல்லை.

நம் பக்கம் இந்தக் கருவி மோட்டார் சைக்கிளோடு வந்தது. 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, திருவொற்றியூரில் புல்லட்டுகள் உருவாகின. மைசூரில் 1960-களின் தொடக்கத்தில் ஜாவா வந்தது. மீட்டர் தமிழ்நாட்டிலேயே பெரிய அளவில் செய்யப்பட்டது கோயம்புத்தூரில். 1975-இல் பெரியநாயக்கன்பாளையத்தில் பிரீமியர் இன்ஸ்ட்ரூமெண்ட்ஸ் அண்டு கண்ட்ரோல்ஸ் உற்பத்தியைத் தொடங்கியது. அதுதான் இன்றைய பிரிக்கால். நூற்பாலைகளுக்கும் பம்புகளுக்கும் பேர்போன ஊரிலிருந்து மயிரிழை ஸ்பிரிங்கும் மில்லிமீட்டர் இடைவெளியும் கொண்ட கருவி வெளிவந்தது. பத்து ஆண்டுக்குள் அலை அடித்தது. 1984-இல் ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி, 1985-இல் ஹீரோ ஹோண்டா சிடி 100, அதே ஆண்டு யமஹா ஆர்எக்ஸ் 100. 1985-இல்தான் பெங்களூருவில் சுப்ரஜித் நிறுவனம் தொடங்கி டி.வி.எஸ்.ஸுக்குக் கேபிள் செய்து கொடுத்தது. இன்று ‘பழைய வண்டி’ என்று நாம் செல்லமாக வைத்திருப்பவை பெரும்பாலும் இந்தத் தலைமுறையும் இதன் வாரிசுகளும்தான்.

ராஜபாளையத்துக்காரர்களுக்கு மட்டும் இந்த மீட்டரின் பாதி உடம்பு அதற்கு முன்பே அறிமுகம். மீட்டரில் இரண்டு கருவிகள் குடியிருக்கின்றன. முள் வேகத்தைச் சொல்லும். அதன் கீழே சின்னச் சன்னலில் உருளும் எண்கள் ஓடிய தூரத்தைச் சொல்லும். எண்கள் உருளும் அந்தக் கருவியின் நெருங்கிய சொந்தம் நம் மில்களில் இருக்கிறது. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய காலம் தொட்டு இந்த ஊர் நூலோடு வாழ்கிறது. ஸ்பின்னிங் மெஷினின் ஓரத்தில் ஹாங்க் மீட்டர் என்று ஒரு சிறு டப்பா இருக்கும். முன்னுருளையின் சுழற்சியை எடுத்து, வார்ம் பல்லால் பலமடங்கு குறைத்து, எத்தனை ஹாங்க் நூல் ஓடியது என்று எண் உருளைகளில் காட்டும். ஒரு ஹாங்க் 840 கஜம், கிட்டத்தட்ட 768 மீட்டர். ஒரு பவுண்டு எடைக்கு நாற்பது ஹாங்க் தேறினால் அது 40-ஆம் நம்பர் நூல். ஷிப்டு முடிந்ததும் இந்த எண்ணைப் பார்த்துத்தான் மெஷினின் உற்பத்தியை எழுதுவார்கள். நூலின் நீளத்தை எண்ணுவதும் சாலையின் நீளத்தை எண்ணுவதும் ஒரே வேலைதான். சுழற்சியை வாங்கு, வார்மால் குறை, ஒன்பது முடிந்து பத்து வரும்போது அடுத்த உருளையை ஒரு எண் தள்ளு. இந்தக் ‘கையில் கொண்டுபோகும்’ தந்திரத்தைப் பிளேஸ் பாஸ்கல் 1640-களில், வரிக்கணக்குப் பார்த்த தன் தந்தைக்காகச் செய்த கூட்டல் பொறியிலேயே வைத்துவிட்டார். ஹாங்க் மீட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்யத் தெரிந்த ஃபிட்டருக்கு வண்டி மீட்டரின் எண் உருளைகள் புதிதாக இருக்காது.

இனிப் பழுது. கதை தெரிந்ததால் வழியும் தெரிகிறது. முள்ளுக்கும் எண்ணுக்கும் கேபிள் ஒன்று. மேலே வந்தபின்தான் வழி பிரிகிறது. ஒன்று காந்தத்துக்கு, மற்றொன்று வார்முக்கு. அதனால் முதல் கேள்வி: எண் ஓடுகிறதா?

முள்ளும் ஓடவில்லை, எண்ணும் ஓடவில்லை என்றால் மீட்டரில் கை வைக்கவே வேண்டாம். அனுபவமுள்ள மெக்கானிக், “மீட்டரைத் தொடாதீங்க அண்ணாச்சி, மொதல்ல கேபிளைப் பாப்போம்” என்பார். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, மீட்டருக்குக் கீழே கேபிளின் நட்டைக் கழற்றி, முன் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்ற வேண்டும். உள்கம்பியின் சதுர முனை சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். சுற்றினால் கீழே எல்லாம் நலம். முனை மீட்டரின் சதுரக் குழிக்குள் சரியாக உட்காரவில்லை, அல்லது முனை தேய்ந்து உருண்டையாகிவிட்டது. சுற்றாவிட்டால் கம்பியை மேலே உருவுங்கள். பாதிதான் கையில் வந்தால் விஷயம் முடிந்தது. முழுதாக வந்தால் கோளாறு சக்கரத்தில்.

சக்கரத்தில் இருப்பது ஒரு சின்னப் பல். டிரம் பிரேக் வண்டியில் பிரேக் பிளேட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் பினியன். பெரும்பாலும் வெள்ளை நைலான். ஹப் அதைச் சுற்றிவிடும். 18 அங்குல ரிம்மில் 2.75 டயர் போட்ட முன் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 530 தடவை சுற்றும். அதை மீட்டர் எதிர்பார்க்கும் சுற்றுக்குக் கொண்டுவருவது இந்தப் பல்லின் பொறுப்பு. பழைய கிரீஸ் காய்ந்து மெழுகாகிப் பினியனை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அப்போது பலவீனமானது எதுவோ அது உடையும். ஆகவே அறுந்த கேபிளை மாற்றுகிறவர் பினியனையும் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, விரலால் சுற்றிப் பார்க்க வேண்டும். அதைச் செய்யாமல் புதுக் கேபிள் மட்டும் போட்டால், அதுவும் சீக்கிரமே அறுந்துபோகும். பிறகு பழியைக் கேபிள்மேல் போடுவதில் அர்த்தமில்லை.

கேபிளைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் மீட்டர் கோளாறுகளில் பெரும்பகுதி இங்கேதான். நேராக இல்லாத வழியில் சுழற்சியைக் கடத்தும் இந்த வளையும் தண்டு, மோட்டார் வண்டிக்கு முன்பே பல் மருத்துவர்களின் துளைக்கருவியில் வேலை செய்துகொண்டிருந்தது. மெல்லிய எஃகுக் கம்பிகளை ஒரு அடுக்கு வலமாகவும் அடுத்த அடுக்கு இடமாகவும் இறுக்கிச் சுற்றியிருப்பார்கள். சரியான திசையில் சுழலும்போது வெளி அடுக்கு உள்ளே இறுகும். அதனால்தான் அளவு ஒத்துவந்தாலும் வேறு வண்டியின் கேபிளைத் துணிந்து போடக் கூடாது. கேபிள் போகும் வழியில் கூரான மடிப்பு இருக்கக் கூடாது. ஹேண்டில் இரண்டு பக்கமும் முழுக்கத் திரும்பும்போது இழுபடக் கூடாது. மெதுவாகப் போகையில் முள் நடுங்கித் துள்ளினால், கம்பி வறண்டிருக்கிறது அல்லது எங்கோ மடிந்திருக்கிறது. மடிந்த இடத்தில் கம்பி சிக்கி, முறுக்கேறி, பிறகு விடுபட்டு ஓடும். அந்தத் துள்ளலைத்தான் முள் காட்டுகிறது.

கிரீஸ் போடுவதில் ஒரு விதி உண்டு. கீழிருந்து மெல்லிய பூச்சாகத் தடவி வந்து, மேல்முனைக்கு அரையடி முன்பாக நிறுத்திவிட வேண்டும். முறுக்கிய கம்பி சுற்றும்போது கிணற்றில் நீர் இறைக்கும் திருகுபோலக் கிரீஸை மேலே ஏற்றும். அது மீட்டருக்குள் போய்க் காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே புகுந்தால், தொடாமல் இழுக்க வேண்டிய இடத்தில் பசை ஒட்டிக்கொள்ளும். வண்டி நகர்ந்ததும் முள் கடைசி எண்ணுக்கு ஓடி அங்கேயே நிற்கும். இருபதில் போகிற வண்டி நூற்றிருபது காட்டினால், யாரோ அன்பு மிகுந்து கிரீஸ் அப்பியிருக்கிறார்கள் என்று பொருள்.

எண் ஓடுகிறது, முள் ஓடவில்லை; அல்லது முள் ஓடுகிறது, எண் நின்றுவிட்டது. இந்த இரண்டுக்கும்தான் மீட்டரைத் திறக்க வேண்டும். எண் நின்றால் வார்முக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பல் உடைந்திருக்கும், அல்லது உருளைகளுக்கு நடுவிலுள்ள குட்டிப் பல் தேய்ந்திருக்கும். முள் நின்றால் ஸ்பிரிங் சிக்கியிருக்கும், தண்டின் நுனியில் தூசி இறுகியிருக்கும், சிலவற்றில் முள்ளே தளர்ந்து வெறுமனே நிற்கும். ஓடும்போது மீட்டரிலிருந்து கீச்சென்று சத்தம் வந்தால் காந்தத்தின் புஷ் வறண்டிருக்கிறது. தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும், இரண்டு சொட்டு அதிகம்.

திறப்பதும் பொறுமையான வேலை. கண்ணாடியைப் பிடித்திருக்கும் வளையத்தின் விளிம்பை, முனை மழுங்கிய ஸ்குரூடிரைவரால் ஒரே இடத்தில் நெம்பாமல், சுற்றிவந்து கொஞ்சம் கொஞ்சமாக எழுப்ப வேண்டும். டயல் மேல் காகிதம் வைத்து, இரண்டு தேக்கரண்டிகளின் காம்பை முள்ளின் இரு பக்கமும் கொடுத்து நேராக மேலே தூக்கினால் முள் வளையாமல் வரும். அதற்கு முன் ஒன்று செய்ய வேண்டும். முள்ளைத் தடுத்து நிறுத்தும் சிறு ஆணியைத் தாண்டவிட்டால், அது சுழியத்துக்குக் கீழே ஓர் இடத்தில் தானாகப் போய் நிற்கும். ஸ்பிரிங் இழுப்பு இல்லாத இடம் அது. அதைக் குறித்துவைத்துக்கொண்டு, திரும்ப அதே இடத்தில் குத்த வேண்டும். டயல் எழுத்தில் பெட்ரோல் படக் கூடாது, எழுத்து கரைந்துவிடும்.

காந்தம் வலுவிழந்து முள் குறைத்துக் காட்டினால் சிலர் முள்ளை மட்டும் உயர்த்திக் குத்திக் கொடுத்துவிடுகிறார்கள். அது சரியான வழி அல்ல. நாற்பதில் போகும்போது 32 காட்டுகிற மீட்டர், எட்டு உயர்த்தினால் நாற்பதில் சரியாக இருக்கும். ஆனால் எண்பதில் 72-தான் காட்டும். நிற்கும் வண்டியில் 8 காட்டும். குறைவது ஒரே அளவாக இல்லை, விகிதமாகக் குறைகிறது. காந்தத்துக்கு மறுபடி காந்தமேற்றினால்தான் அது தீரும். வேகத்தைக் குறைத்துக் காட்டும் மீட்டர் ஆபத்தானது. பல நாடுகள் ஒத்துக்கொண்ட தர விதியும் இதையே சொல்கிறது: மீட்டர் உண்மை வேகத்தைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டலாம், ஒருபோதும் குறைத்துக் காட்டக் கூடாது.

எது தவறு என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம், நம் நெடுஞ்சாலையே போதும். திருமங்கலம்–கொல்லம் சாலையில், ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி ராஜபாளையம் நோக்கி வரும்போது வலது பக்கம் மலை கூடவே வரும். போக்குவரத்து குறைந்த விடியற்காலையில், பின்னால் ஒருவர் கடிகாரத்தோடு உட்கார, முள்ளை நாற்பதில் நிறுத்தி ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல்வரை வாருங்கள். சரியாக 90 நொடி ஆக வேண்டும். கூடவே எண் உருளையையும் பாருங்கள். தூரம் சரி, வேகம் தவறு என்றால் கோளாறு காந்தத்திலோ ஸ்பிரிங்கிலோ. தூரமும் தவறு என்றால் டயர் அளவோ பினியனோ மாறியிருக்கிறது. டயர் தேய்ந்தாலும் மீட்டர் கூட்டிக் காட்டும், ஆனால் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான்.

பழுதுபார்க்கிறவர் சிலர் கழற்றிய மீட்டரை டிரில் மெஷினில் சுற்றிச் சோதிப்பார்கள். சரியான திசையில் சுற்றினால் நல்ல சோதனை. அதே மெஷினை எதிர்த்திசையில் ஓட்டி ஓடிய கிலோமீட்டரைக் குறைத்து விற்கிறவர்களும் உண்டு. அது வாங்குகிறவரை ஏமாற்றுவது மட்டுமல்ல; எண்ணெய் மாற்றவும் செயின் மாற்றவும் அவர் வைத்திருக்கும் கணக்கு முழுவதையும் பொய்யாக்குவது. நாணயமான மெக்கானிக் இதைத் தொட மாட்டார். நம் ஊர்களில் அப்படிப்பட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், வண்டியில் வேகமானி இருக்க வேண்டும் என்கின்றன. புதிய வண்டிகளில் சக்கரத்தில் சென்சார், மேலே எலக்ட்ரானிக் திரை. கேபிள் மறைந்துகொண்டே வருகிறது. அவற்றில் பழுது வந்தால் பெரும்பாலும் முழுத் தொகுப்பையும் மாற்ற வேண்டியிருக்கும். ஷுல்ட்சேயின் மீட்டர் அப்படி அல்ல. அதன் ஒவ்வோர் உறுப்பும் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும், தனித்தனியே மாற்றவும் முடியும். உங்கள் வண்டியின் முள் படுத்துக் கிடந்தால், புது மீட்டருக்கு விலை கேட்கும் முன் கேபிளின் மேல் நட்டைக் கழற்றி, முன் சக்கரத்தை ஒருமுறை கையால் சுற்றிப் பாருங்கள்.